ஊசிக்குப் பயந்த குதிரைவீரர்

மூன்று வாரமாக அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பஹத்தீனின் ஈரலில் பெரிதாக என்னவோ இருக்கிறது என்று கார்ஸ் ஊர் டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மனைவி மெனெவ்ஷே அந்த வார்த்தையை முக்காட்டு முனையில் முடிந்து வைத்திருந்தாள். தங்கை குலிஸார் தொண்டையில் வைத்திருந்தாள்.

போன வாரம்தான் முடிச்சு அவிழ்ந்தது. எர்ஸுரூம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் செவ்தாப், ஸ்கேன் கருவியை பஹத்தீனின் வயிற்றில் வைத்து அழுத்தினார். திரையில் ஆப்பிள் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். சுற்றிலும் இரட்டைக் கோடு. "இப்படித் திரும்பிப் படுங்க" என்றார். பஹத்தீன் திரும்பியதும் அந்த வட்டத்துக்குள் வெள்ளைத் துகள்கள் பனி மாதிரி மெல்ல இறங்கின. டாக்டர் சிரித்தார். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"புத்துநோய் இல்லீங்க. நாய்க்கட்டி. நாய் வயித்துப் பூச்சியோட முட்டை உள்ள போய், ஈரல்ல உக்காந்து, தண்ணிப் பை கட்டியிருக்கு. சரி பண்ணிடலாம்."

குலிஸார் நடைவழியிலேயே உட்கார்ந்து அழுது, அழுதபடியே சிரித்து, அந்தப் பக்கம் போன முன்பின் தெரியாத ஒரு நோயாளியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் மாத்திரை. இன்று மதியம் ஊசி.

இன்று காலை பார்த்தால் கட்டில் காலி.

குலிஸார் மூன்று மாடி இறங்கி ஓடினாள். அண்ணன் கீழே, ஆஸ்பத்திரி வாசல் கூடத்து டீக்கடையில் இருந்தார். பைஜாமாவுக்கு மேல் கம்பளிக் கோட்டு, காலில் பூட்ஸ், தலையில் தொப்பி. கன்னத்தில் சர்க்கரைக் கட்டியை அடக்கிக்கொண்டு டீ கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் அதைப் பிடுங்கினாள்.

"வெறும் வயித்துல இருக்கணும்னு சொன்னாங்கல்ல!"

"ஊசி போட்டாத்தானே வெறும் வயிறு? நான் ஊருக்குப் போறேன்."

"எதுக்கு?"

"ஆடு குட்டி போடுற நேரம். மெனெவ்ஷே ஒத்தையில என்ன பண்ணுவா?"

"அண்ணிகிட்ட இப்பத்தான் பேசினேன் பெரியண்ணா. நீ இல்லாம ஆடுங்க நிம்மதியா குட்டி போடுதாம். வழக்கமா நீ கத்துற கத்துல பாதி ஆடு பயந்து அடக்கிக்குமாம்."

கடைக்காரர் திரும்பி நின்று சிரித்தார். பஹத்தீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்திரண்டு வயது. மீசை இன்னும் கறுப்பு. கார்ஸ் பக்கத்தில் குதிரைமேல் அவரை யாரும் அசைத்ததில்லை என்று பேர். அந்த மனிதர் இப்போது சர்க்கரைக் கட்டியை வாயில் கரைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை டாக்டர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஒரு நீள ஊசியைக் கட்டிக்குள் இறக்குவார்கள். தண்ணீரை உறிஞ்சுவார்கள். கடும் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு, பூச்சி சாகும்வரை காத்திருந்து, மறுபடி உறிஞ்சுவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கசிந்தாலும் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதற்காகவே மயக்க டாக்டர் மருந்தோடு பக்கத்தில் நிற்பார். பஹத்தீன் மரியாதையாகத் தலையை ஆட்டினார். அப்புறம் இரவெல்லாம் தூங்கவில்லை.

அண்ணன் புரள்வதைப் பார்த்துத்தான் குலிஸார் நேற்று இரவே ஒரு காரியம் செய்தாள். சின்னண்ணன் ஜெம்ஷிதுக்குப் போன் போட்டு, "பெரியண்ணா கடைசி மூச்சுல இருக்கார். வந்தா வா, வராட்டிப் போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பொய்தான். ஆனால் பஹத்தீனும் ஜெம்ஷிதும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. பேசாததற்குக் காரணம் சொத்தும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு மன்னிப்பு.

ஜிரித் விளையாட்டில் குதிரைமேல் துரத்திப் போய் எதிராளிமேல் மரக்கோலை எறிய வேண்டும். பட்டால் புள்ளி. ஆனால் எட்டிப் பிடிக்கும் தூரத்துக்குப் போய்விட்டும் எறியாமல் கோலைத் தாழ்த்தினால், 'உன்னை மன்னித்தேன்' என்று அர்த்தம். அதற்கும் புள்ளி உண்டு. கல்யாணமாகி மாமனார் ஊருக்குப் போன ஜெம்ஷித் அந்த ஊர் அணிக்கு ஆடினான். இறுதி ஆட்டத்தில் அண்ணனைத் துரத்தினான், நெருங்கினான், கோலை ஓங்கினான், தாழ்த்தினான். மைக்கில் "மன்னித்துவிட்டான்!" என்று கத்தினார்கள். தம்பி தன்னை மன்னிப்பதா, அதுவும் இரண்டு ஊர் ஜனம் பார்க்க! பஹத்தீன் அங்கேயே குதிரையிலிருந்து குதித்து, கடிவாளத்தை வீசிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

"அண்ணே! ஐயோ, என் அண்ணே!"

டீக்கடை கிளாஸ்களெல்லாம் அதிர ஒரு குரல். தோளில் பனியும் கையில் துணிமூட்டையுமாக ஜெம்ஷித் உள்ளே ஓடி வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. லிஃப்டைப் பார்த்து ஓடியவன், டீக்கடையில் தொப்பியோடு நிற்கும் ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"இது என்ன குலிஸார்? கடைசி மூச்சுன்னே?"

"மூச்சு விட்டுட்டுத்தானே இருக்கார்? ரெண்டுல ஒரு வார்த்தை உண்மை."

"ராத்திரி பூரா பனியில வண்டி ஓட்டிட்டு வந்தேன்டி! வழியில நாலு எடத்துல அழுதேன்!"

பஹத்தீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "குலிஸார், அவன் கையில என்ன மூட்டைன்னு கேளு."

"வாத்துன்னு சொல்லு," என்றான் ஜெம்ஷித். "உப்புப் போட்டுக் காயவச்சு, வேகவச்ச வாத்து."

"சாகப்போற ஆளுக்கு எதுக்கு வாத்துன்னு கேளு."

"சாவுக்கு வர்றவங்களுக்குச் சாப்பாடு வேண்டாமான்னு சொல்லு."

"நான் தபால்காரியா?" என்று குலிஸார் இரண்டு பேர் கையையும் பிடித்து லிஃப்டுக்குள் தள்ளினாள்.

வார்டில் டாக்டர் செவ்தாப் ஏற்கெனவே காத்திருந்தார். பூட்ஸைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஜெம்ஷிதைப் பார்த்து, "நீங்க தம்பியா? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வளர்ந்தீங்களா? நாய் வளர்த்தீங்களா?" என்றார்.

"சக்கிர்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். உடனே இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஆட்டு நாய் டாக்டரம்மா," என்றாள் குலிஸார். "இவங்க ரெண்டு பேரும் அது மேலதான் படுத்துத் தூங்குவாங்க."

"ஆடு அறுக்கும்போது ஈரலு, நுரையீரலு எல்லாம் சக்கிருக்குப் போடுவீங்களா?"

"கெட்டுப்போன ஈரலை மட்டும்தான். அவன்தான் போடுவான்," என்றார் பஹத்தீன் சுவரைப் பார்த்து.

"அவர்தான் அறுப்பார். நான் எடுத்துப் போடுற கை மட்டும்தான்," என்றான் ஜெம்ஷித்.

"அதுலதான் பூச்சி இருந்துச்சு. தப்பு உங்க ரெண்டு பேர் மேலயும் இல்ல, பாவம், சக்கிர் மேலயும் இல்ல. யாரும் சொல்லித்தரல, அவ்வளவுதான்." டாக்டர் ஜெம்ஷிதின் கோட்டைக் காட்டினார். "இது சின்ன வயசுல உள்ள போனா, சத்தமே இல்லாம வருஷக்கணக்கா வளரும். கழட்டுங்க. உங்களையும் பாத்துடுவோம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. குதிரை மாதிரி இருக்கேன்."

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னார்."

ஸ்கேன் அறைக்கு ஜெம்ஷித் மட்டும் போனால் போதும். ஆனால் பஹத்தீனும் பின்னாலேயே போனார். "கால் மரத்துப்போச்சு, சும்மா நடக்குறேன்" என்று குலிஸாரிடம் சொன்னார். அவளும் கூடவே வந்தாள்.

ஜெம்ஷிதின் வயிற்றில் களிம்பு தடவி டாக்டர் கருவியை நகர்த்தினார். விலா எலும்புக்குக் கீழே வந்ததும் கை நின்றது. திரையில் ஒரு வாதுமைக் கொட்டை. ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று மின்னியது. டாக்டர் கருவியைச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார்.

"என்ன டாக்டரம்மா?" என்றது ஒரு குரல். பஹத்தீன் கதவை விட்டுவிட்டுக் கட்டில் பக்கம் வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இவருக்கும் வந்திருக்கு," என்றார் டாக்டர். "அதே நாய்க்கட்டி. ஆனா இது எப்பவோ செத்துப்போச்சு. சுண்ணாம்பா இறுகிடுச்சு. மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போனா போதும்."

பஹத்தீன் மூச்சை விட்டார். அடுத்த நொடியே அவர் மீசை துடித்தது.

"அதெப்படி? ஒரே நாய். ஒரே வீடு. அவனோடது மட்டும் தானா சாகுமா?"

"சிலருக்கு அப்படி அமையும்."

"எதுலயும் முந்திக்குவான்! கட்டியிலயும் முந்திக்கிட்டான் பாரு, கழுதைக்குப் பொறந்தவன்!"

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதான்னு சொல்லு குலிஸார்," என்றான் ஜெம்ஷித் படுத்தபடியே. டாக்டர் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சிரிப்பு அடங்கியதும் பஹத்தீன் நேராக நின்று, தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். எனக்கு ஊசி வேண்டாம். ஆபரேஷன் பண்ணிடுங்க."

"ஆபரேஷனா? வயித்தைத் திறக்கணும். ரெண்டு வாரம் படுக்கணும். உங்க கட்டிக்கு ஊசியே போதும்கிறப்போ எதுக்கு?"

"ஆபரேஷன்னா முழுசா மயக்கம் குடுப்பீங்கல்ல? வெட்டுறது எதுவும் தெரியாதுல்ல?"

டாக்டருக்குப் புரியவில்லை. குலிஸாருக்கும் புரியவில்லை. ஜெம்ஷித் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். சட்டையைப் போடவில்லை. இரண்டு தோளையும் டாக்டரிடம் காட்டினான். இரண்டிலும் தடுப்பூசித் தழும்பு, அச்சடித்த மாதிரி.

"இது என்னோடது டாக்டரம்மா. இது அவரோடது."

"அவனைச் சும்மா இருக்கச் சொல்லு குலிஸார்," என்றார் பஹத்தீன்.

"பள்ளிக்கூடத்துல ஊசி போட வந்தாங்க. இவர் கூரை மேல ஏறி ஒளிஞ்சுக்கிட்டார். தலையை எண்ணித்தான் போட்டாங்க. ஒண்ணு குறைஞ்சா வாத்தியார் இவரை உரிச்சிருப்பார். அதனால நான் மறுபடி வரிசையில போய் நின்னேன்."

குலிஸார் வாயைப் பொத்திக்கொண்டாள். எந்தக் குதிரைக்கும் அஞ்சாத பெரியண்ணன் இத்தனை வருஷமாக ஊசிக்கு அஞ்சியிருக்கிறார். அது சின்னண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்பது வருஷக் கோபத்திலும் அவன் அதை யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்து பஹத்தீனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மரத்துப்போக மருந்து குடுப்பேன். தூக்கம் வர்ற மாதிரியும் கொஞ்சம் குடுப்பேன். ஆனா இந்தத் தடவை தம்பி உங்களுக்குப் பதிலா வரிசையில நிக்க முடியாது. கட்டி உங்க வயித்துல இருக்கு."

பஹத்தீன் தரையைப் பார்த்தார்.

"பக்கத்துல நிக்கலாமா?" என்று கேட்டான் ஜெம்ஷித்.

"கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா நிப்பீங்கன்னா நிக்கலாம்."

பஹத்தீன் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

மதியம் சிகிச்சை அறைக்குள் பச்சை அங்கியும் குல்லாயுமாக நின்ற ஜெம்ஷித், பெரிய முட்டைக்கோஸ் மாதிரி இருந்தான். பஹத்தீன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் மயக்க டாக்டர். டாக்டர் செவ்தாப் விலாவில் மருந்து தடவியதும் பஹத்தீனின் விரல்கள் காற்றில் எதையோ தேடின. ஜெம்ஷித் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேய்."

"சொல்லுண்ணா."

"எங்கயும் போயிடாத."

ஒன்பது வருஷத்துக்கப்புறம் நடுவில் ஆளில்லாமல் வந்த வார்த்தை. ஜெம்ஷித் ஒரு அடி நெருங்கி நின்றான். கையை இறுக்கினான்.

ஊசி இறங்கியது. பஹத்தீன் பல்லைக் கடித்தார். ஊசியின் மறுமுனையில் தண்ணீர் வந்தது. சீழ் இல்லை, ரத்தம் இல்லை. மலை ஊற்றுத் தண்ணீர் மாதிரி அத்தனை தெளிவு.

"பித்தம் கலக்கல. நல்லது," என்றார் டாக்டர். கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, உப்புத் தண்ணீரை உள்ளே செலுத்தினார். "இப்ப காத்திருக்கணும். கதை பேசுங்க."

"என்ன பேச?" என்றான் ஜெம்ஷித்.

"எத்தனை ஆடு வெச்சிருக்கே?" என்றார் பஹத்தீன், அரைத் தூக்கத்தில்.

ஜெம்ஷித் பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் கவனித்தான், அண்ணனின் கழுத்தில் சிவப்புத் தடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மார்புக்குப் படர்ந்தது. "அரிக்குது," என்றார் பஹத்தீன். "தலை... சுத்துது..." கருவி ஒன்று கீச்சிட ஆரம்பித்தது.

"நகருங்க!" என்றார் மயக்க டாக்டர்.

ஜெம்ஷித் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வெளியே பெஞ்சில் இருந்த குலிஸாருக்கு, நர்ஸ் ஓடியது மட்டும் தெரிந்தது. சொன்ன பொய் இப்போது அவள் காதில் திரும்பக் கேட்டது: கடைசி மூச்சு, கடைசி மூச்சு. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே தொடையில் ஒரு ஊசி போனது. நரம்பில் இறங்கிய சலைன் வேகமெடுத்தது. யாரும் கத்தவில்லை, யாரும் தடுமாறவில்லை. இந்த நிமிஷத்துக்காகவே எல்லாம் தயாராக வைக்கப்பட்டிருந்தது. கீச்சொலி மெல்ல அடங்கியது. தடிப்பு வெளிறியது. பஹத்தீன் கண்ணைத் திறந்தார்.

"தொடையில குத்தினது யாரு?"

"நான்தான்," என்றார் மயக்க டாக்டர்.

"அது கணக்குலயே இல்லையே! ஒரு ஊசின்னுதானே சொன்னீங்க!"

ஜெம்ஷித் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, குல்லாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

டாக்டர் மீதித் தண்ணீரையும் உறிஞ்சினார். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். வட்டம் சுருங்கிக் கிடந்தது. உள்தோல் சுவரைவிட்டுக் கழன்று, நனைந்த காகிதம் மாதிரி மடிந்து மிதந்தது. "இதைத்தான் பாக்கணும்னு இருந்தேன். பூச்சி செத்துப்போச்சு," என்றார். அந்தக் குரலில் அவருக்கும் இவ்வளவு நேரம் பயம் இருந்தது தெரிந்தது.

மாலையில் வார்டே கட்டிலைச் சுற்றி நின்றது. ஆளாளுக்கு, நோயாளிகளுக்கு அந்த ஊரில் சொல்லும் வழக்கப்படி, "கடந்து போகட்டும், கடந்து போகட்டும்" என்று வாழ்த்தினார்கள். மெனெவ்ஷே போனில் அழுதாள், திட்டினாள், மூன்று குட்டி பிறந்த சேதியையும் சொன்னாள்.

டாக்டர் வந்து சொல்லவேண்டியதைச் சொன்னார். இன்னும் சில மாதம் மாத்திரை. இடையிடையே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். வீட்டில் எல்லோரும் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். நாய்களுக்கு மாதாமாதம் பூச்சி மருந்து. பச்சை ஈரலை இனி நாய் கண்ணில் காட்டக்கூடாது. எரிக்க வேண்டும், இல்லை ஆழப் புதைக்க வேண்டும். நாயைத் தடவினால் கை கழுவ வேண்டும்.

"முக்கியமா மாத்திரையைக் கொழுப்புச் சாப்பாட்டோட சாப்பிடணும். அப்பத்தான் உடம்புல சேரும்."

"கொழுப்பா?" பஹத்தீன் எழுந்து உட்காரப் பார்த்தார். "வெண்ணெய்? பாலாடை? குலிஸார், உங்க அண்ணிக்குப் போன் போடு. டாக்டரம்மா வாயாலயே சொல்லட்டும்!"

"வாத்துல நல்ல கொழுப்பு இருக்கு," என்று ஜெம்ஷித் மூட்டையைத் தேடினான்.

"நாளைக்கு," என்றார் டாக்டர். "இன்னிக்கு சூப்பு மட்டும்."

"சூப்பு வந்துட்டே இருக்கு," என்றாள் குலிஸார். அவள் கணவன் யாதிகார், மினிபஸ் ஓட்டுகிறவன், வீட்டிலிருந்து தயிர் சூப்போடு கிளம்பிவிட்டிருந்தான்.

டாக்டர் போனதும் மூவர் மட்டும். ஜன்னலுக்கு வெளியே பாலன்தோக்கன் மலையில் பனி ரோஜா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பஹத்தீன் போர்வை நுனியைத் திருகினார்.

"ஜெம்ஷித். அன்னிக்கு ஏன்டா என்னை மன்னிச்சே?"

"மன்னிக்கல."

"ஊரே பாத்துச்சு."

"உன் சேணத்தோட வயித்துப் பட்டை அவுந்து தொங்கிட்டு இருந்துச்சுண்ணா. கோலை எறிஞ்சிருந்தா நீ சாஞ்சிருப்பே. பின்னால எங்க ஆளுங்க மூணு குதிரை. கோலைத் தாழ்த்திட்டு 'பட்டை, பட்டை'ன்னு கத்தினேன். மேளச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

பஹத்தீனின் விரல் போர்வையை விட்டது. "குதிச்சப்போ சேணம் ஒரு பக்கமா சரிஞ்சுது. கோவத்துல நான் உதைச்சதுனாலன்னு நெனச்சேன்." அப்புறம் குரல் இறங்கியது. "அப்பவே சொல்றதுக்கு என்னடா?"

"என்னன்னு சொல்ல? பஹத்தீன் சேணம் கட்டத் தெரியாம மைதானத்துக்கு வந்தான்னு ஊர் சிரிக்கவா? அதுக்கு நானே திமிர் பிடிச்சவனா இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

பஹத்தீன் கையை நீட்டினார். தம்பியின் பிடரியைப் பிடித்துத் தன் நெற்றியோடு முட்டவைத்துக்கொண்டார். விலாவில் வலித்தது. விடவில்லை. குலிஸார் மூக்கைச் சிந்தினாள்.

திடீரென்று பஹத்தீன் தலையைத் தூக்கினார்.

"ஆனா ஜெம்ஷித், அன்னிக்கு என் குதிரைக்குச் சேணம் கட்டினது நான் இல்லையே."

"பின்ன யாரு?"

பஹத்தீன் யோசித்தார். புருவம் மெல்ல ஏறியது. இரண்டு அண்ணன்களும் ஒரே நேரத்தில் தங்கையின் பக்கம் திரும்பினார்கள். குலிஸார் ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"குலிஸார்," என்றார் பஹத்தீன், ரொம்ப இனிமையாக. "அன்னிக்குச் சேணம் கட்டுறேன்னு குதிரைகிட்ட நின்னுக்கிட்டு, நிச்சயம் பண்ணின மாப்பிள்ளைகிட்டப் போன்ல பேசிட்டே இருந்தது யாரும்மா?"

கதவு திறந்தது. கையில் சூப்புப் பாத்திரமும் முகம் கொள்ளாத சிரிப்புமாக யாதிகார் உள்ளே வந்தான்.

"அடேங்கப்பா! அண்ணனும் தம்பியும் ஒண்ணா! கண்ணு பட்டுடப்போகுது!" பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன, மூணு பேரும் என்னையே பாக்குறீங்க?"